பேசாமல் வளர்த்த நாய்

ராஜபாளையத்தில் நாய் வாங்குவது பெரிய காரியமில்லை. வாங்கின நாய் ஆளைக் கடிக்க வேண்டும், அதுதான் காரியம். பால் வெள்ளை நிறமும் சிவந்த மூக்கும் ஒட்டின வயிறுமாக ஒரு குட்டியை வாங்கிக்கொண்டுபோய் வாசலில் கட்டி, அது வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வாலை ஆட்டினால் வாங்கினவன் வெளியே தலைகாட்ட முடியுமா? அப்படி யாருக்கும் மானம் போய்விடாமல் காப்பாற்றுகிற வேலையைத்தான் ராக்கப்பன் செய்துவந்தார்.

முன்பு அவர் ஒரு நூல் ஆலையில் காவலுக்கு இருந்தார். அங்கே அவரோடு ஒரு நாயும் உண்டு. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தார். திருட வந்தவர்கள் அந்த நாய்க்கு ரெண்டு துண்டு கறியைப் போட்டார்கள். நாய் அவர்களோடு விளையாடிக்கொண்டிருந்தது, அவர்கள் ராக்கப்பனின் தோள் எலும்பை உடைத்துவிட்டு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டுப் போட்டுக் கிடந்த மனிதரை ஆலைக்காரர்கள் களவுக்கு நீயும் உடந்தையா என்று கேட்டார்கள். அன்றைக்கு அவர் மனசில் விழுந்த முடிச்சு அவிழவே இல்லை. பாசம் வைக்கிற நாய் காட்டிக்கொடுக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். நாயின் மேல் வந்த கோபமா, ஆலைக்காரர்கள் மேல் வந்த கோபமா என்று அவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் பழைய தறிக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதன் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார். ஊரில் குட்டி வாங்கினவர்கள் அவரிடம் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். குட்டியை அந்த இருட்டுக்குள் குட்டைச் சங்கிலியில் கட்டுவார். எழுந்து நிற்கலாம், படுக்கலாம், அதற்குமேல் அசைய வழியில்லை. சோறு வைக்க அவர் மட்டும் போவார். மற்றபடி எப்போதாவது ஒரு ஆள் சாக்கைத் தலைவழியாகப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் மூங்கில் கம்பால் குத்துவான். குட்டி கதறும், சுவரோடு ஒட்டும், போக இடமில்லை என்று தெரிந்ததும் பல்லைக் காட்டும். பல்லைக் காட்டின மறுநிமிஷம் சாக்குக்காரன் அலறிக்கொண்டு ஓடிவர வேண்டும். அப்போதுதான் பல்லுக்கு என்ன பலன் என்று நாய்க்குப் புரியும் என்பார். இதற்குப் பேர் சூடேற்றுவது. ராக்கப்பன் கொட்டகையில் கிடந்த நாய் என்றால் எமனே யோசித்துத்தான் கேட்டைத் திறப்பான் என்று ஊரில் ஒரு பேச்சு. அதைக் கேட்கும்போதெல்லாம் மனிதரின் கை தானாக மீசைக்குப் போகும்.

இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, நாயோடு பேசக் கூடாது. பேர் வைக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது, அதட்டக்கூடக் கூடாது. மனுசக் குரல் பழகிவிட்டால் மனுசன் மேல் ஆசை வரும், ஆசை வந்த நாய் காவலுக்கு ஆகாது. அந்தக் கொட்டகைக்குள் மாசக்கணக்கில் ஒரு வார்த்தை விழாது. சோற்றுச் சட்டியை வைப்பார், திரும்புவார், கதவைச் சாத்துவார். சொல்லவே வயிறு எரிகிறது. நடுங்குகிற குட்டியைப் பிடித்து அதன் நடுக்கத்தையே பல்லாக வளர்த்து, அதற்கு வீரம் என்று பேர் வைத்து ஊரும் கொண்டாடியது.

ஒரு புரட்டாசியில் ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டு அவரிடம் வந்தன. இரண்டும் ஒரு பொட்டுக் கறுப்பில்லாத வெள்ளை. ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பாண்டிதுரைக்கு. அவர் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொன்று மாந்தோப்பு முதலாளி ஞானதுரைக்கு. இந்த இரண்டு குட்டிகளிடமும் ராக்கப்பன் ஒரு வித்தியாசத்தைக் கண்டார். மற்ற நாய்கள் சாவி குலுங்கினாலே உறுமும். இவை கதவு திறந்து வெளிச்சம் விழுந்தபிறகுதான் தலையைத் தூக்கும். தூக்கினதும் வெறி பிடித்தாற்போல் பாயும். தீபாவளிக்குத் தெருவே வெடித்துத் தீர்த்தது, பக்கத்துச் சங்கிலிகளில் கிடந்த நாய்கள் ஊளையிட்டு மூத்திரம் பெய்தன. இவை இரண்டும் சுருண்டு படுத்துத் தூங்கின.

மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வெடிக்கே அசையாத நாய், இப்படி ஒரு நெஞ்சழுத்தத்தை நான் பார்த்ததே இல்லை என்று ஞானதுரையிடம் பீற்றிக்கொண்டார். யாராவது ஒருத்தன் அந்தக் குட்டியைப் பார்த்து "ஏய்" என்று ஒருதரம் கூப்பிட்டிருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். அந்தக் கொட்டகையில்தான் யாரும் வாயைத் திறக்கக் கூடாதே.

ராக்கப்பனுக்கு ஒரே மகள் பானுப்பிரியா. மனைவி குருவம்மாள் காலமானபிறகு அவருக்கு உலகத்தில் அவள்தான், அப்புறம் அவள் மகள் தன்ஷிகா. நாலு வயசு. தாத்தா மீசையைப் பிடித்து இழுக்கிற உரிமை அந்த ஊரில் அவளுக்கு மட்டும் உண்டு. மருமகன் மாரீஸ்வரன் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தறி ஓட்டினான். பஞ்சுத் தூசி அவனுக்குச் சேரவில்லை. இருமி இருமி வெறும் கூடாகிப்போனான். காற்றாட ஒரு வேலை வேண்டும் என்று ராக்கப்பன் ஞானதுரையைப் போய்ப் பார்த்தார். மலையடிவாரத் தோப்பில் மாங்காய்க் காலம் முழுக்கத் தங்கிக் காவல் காக்க முதலாளிக்கும் ஆள் தேவைப்பட்டது. நாயும் ஆளும் சேர்த்தே தருகிறேன் என்றார் ராக்கப்பன். தன் வாயால்தான் சொன்னார்.

பானுப்பிரியாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. சின்ன வயசில் அந்தக் கொட்டகையின் கதறலைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு வளர்ந்தவள் அவள். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதையாகப் பிள்ளை இருக்கிற இடத்துக்கு இதைக் கொண்டுவருகிறீர்களே என்று சண்டை போட்டாள்.

"ஏட்டி, நம்ம வீட்டு ஆளுகள அது ஒண்ணும் செய்யாது. வேர்வச் சோறு குடுத்துட்டாப் போதும். எத்தன நாயப் பாத்திருக்கேன்" என்றார் அவர்.

வேர்வைச் சோறு என்பது நாயை ஒப்படைக்கிற நாளில் செய்வது. சுடுசோற்றைக் கையில் வைத்து, உள்ளங்கை வேர்வை சோற்றில் இறங்குகிற வரைக்கும் பிசைந்து உருட்டிப் போட வேண்டும். தின்ற நாய் அந்த வாடைக்குக் கட்டுப்படும், சாகிறவரை பல்லைக் காட்டாது என்று நம்பிக்கை. மாரீஸ்வரன் உருட்டிப் போட்டான், பானுப்பிரியாவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போட்டாள். தன்ஷிகா தானும் போடுவேன் என்று அழுததால் அவளுக்கும் ஒரு கவளம் கொடுத்தார்கள். நாய் மூன்றையும் தின்றது. கண் மட்டும் போட்டவர்களை விட்டு நகரவில்லை. வெள்ளையாக இருக்கிறதே என்று பிள்ளை அதற்குச் சீனி என்று பேர் வைத்தாள். பெரியவர்கள் சிரித்தார்கள்.

தோப்புக்குப் போன கொஞ்ச நாளிலேயே, காவலுக்கு அவிழ்த்துவிட்டிருந்த நேரத்தில், சீனி ஒருவனின் கெண்டைக்கால் சதையைப் பிய்த்தது. அவன் காய் திருட வந்தானா, குறுக்குப் பாதை என்று நடந்தானா என்பது யாருக்கும் தெரியாது. ஞானதுரைக்கு ஏக சந்தோஷம், பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பானுப்பிரியா மட்டும் போனில் அப்பாவிடம், அந்த மனுசன் கத்தின கத்தலுக்கு நாங்கள் மூணு பேரும் பேர் சொல்லிக் கூப்பிட்டும் அது விடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றாள். அது அதன் திமிர், ரத்தத்தில் வந்தது என்றார் ராக்கப்பன். சொல்லிவிட்டுப் போனை வைத்தபிறகு அவருக்கு எதுவோ ஒன்று மனசில் முள்ளாகத் தைத்தது. கடித்த நாய் ஒரு அதட்டலுக்காவது காதை மடக்கும். இது ஏன் மடக்கவில்லை?

இன்னொரு நாள் அவளே சொன்னாள், பிள்ளை எப்போது பார்த்தாலும் அந்த நாயோடுதான் கிடக்கிறாள் என்று. இட்லியைப் பிய்த்து ஊட்டுகிறாளாம், அதன் வயிற்றில் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாளாம். அடித்தாலும் கேட்கவில்லையாம். ராக்கப்பன் அன்றைக்கே புறப்பட்டுப் போனார். மத்தியான வெயிலில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் கட்டிக்கிடந்தது சீனி. இவரைக் கண்டதும் உடம்பெல்லாம் விறைத்து, மேலுதடு சுருண்டு, கம்பி போல் நின்றது. ஆறு மாசம் சோறு போட்ட கை இவருடையது. தன்ஷிகா குறுக்கே ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், விறைப்பு இறங்கிவிட்டது. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. பிள்ளையைத் தரதரவென்று இழுத்து வந்து அம்மாவிடம் விட்டார். சங்கிலியை இன்னும் குட்டையாக்கச் சொன்னார். குட்டையாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு மேல் அவருக்கு வேறு வழி தெரியாது.

சித்திரைக் கடைசியில் பாண்டிதுரை போன் பண்ணினார். அவர் நாய் பால்காரரின் கையைக் கவ்விவிட்டது. பால்காரர் போலீசுக்குப் போகப் போகிறார், நீ வளர்த்த நாய்தானே, வந்து நில் என்றார். வாயில் கயிறு கட்டி, ஒரு ஆட்டோவில் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருமாகக் கொண்டுபோனார்கள்.

அங்கே டாக்டர் காளீஸ்வரியை ராக்கப்பனுக்கு ஏற்கனவே தெரியும், கேலி பண்ணுகிற அளவுக்கு. தெருநாய்களைப் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாடு செய்து, வெறிநாய் ஊசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் ஒரு வெட்டு வெட்டி, பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விடுகிறவர். தெருநாய்க்குக் காதுகுத்து நடத்துகிற டாக்டரம்மா என்று ராக்கப்பன் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். பிடித்ததைத் திரும்பவும் விடுகிற கூத்து உலகத்தில் உண்டா என்று கேட்பார். இருக்கிறதைக் கொண்டுபோய்த் தொலைத்தால் அந்த இடத்துக்கு ஊசி போடாத புது நாய் வரும், அது இதைவிட மோசம் என்று டாக்டர் சலிக்காமல் பதில் சொல்வார்.

இன்றைக்கு டாக்டர் கேட்ட கேள்விகள் விசித்திரமாக இருந்தன. நாய் என்ன ஜாதி என்று கேட்கவில்லை. எங்கே தூங்கும், வெயிலைப் பார்க்குமா, யார் அதோடு பேசுவார்கள் என்று கேட்டார். பாண்டிதுரை ராக்கப்பனைப் பார்த்தார், ராக்கப்பன் சுவரைப் பார்த்தார். டாக்டர் ஒரு எவர்சில்வர் தட்டையும் கத்திரியையும் எடுத்துக்கொண்டு நாய்க்குப் பின்னால் போய்ப் படாரென்று அடித்தார். ராக்கப்பன் துள்ளினார். வெளியே ஜீப்புக்கு அடியில் படுத்திருந்த தெருநாய் குரைத்தது. மேசைக்குக் கீழே நின்ற வெள்ளை நாயின் காது மடல்கூட அசையவில்லை. டாக்டர் குதிகாலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். அது சுழன்று திரும்பிக் கட்டின வாயோடு கடிக்கப் பாய்ந்தது.

"இதுக்குக் காது கேக்காதுங்க, பொறவியிலயே" என்றார் டாக்டர். "முழு வெள்ளையாப் பொறக்கிற குட்டிகள்ல சிலதுக்கு இப்பிடி இருக்கும். நீங்க இதத் திமிர்னு நெனச்சிட்டீங்க. பக்கத்துல ஆள் வர்றதே தெரியாது, திடீர்னு பாக்கும்போது அதுக்கு உயிர் போற பயம். அதுலதான் கடிக்குது."

பாண்டிதுரை நாயைக் கொன்றுவிடலாமா என்று கேட்டார். கொல்ல வேண்டாம் என்றார் டாக்டர். சங்கிலியை எடுத்துவிட்டுச் சுற்றி வேலி போடுங்கள், வெளிச்சத்தில் வையுங்கள், எப்போதும் முன்னால் இருந்தே போங்கள், கையசைவால் பழக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். பால்காரருக்கு ஊசி போட்டு வைத்தியம் பார்ப்பது உங்கள் பொறுப்பு, நாயின் பொறுப்பில்லை என்றும் சொன்னார். "முக்கியமா, தூங்கும்போது யாரும் மேல கை வச்சிராதீங்க. அது எந்த நாய்க்கும் ஆகாது, இதுக்கு ரொம்பவே ஆகாது." பிறகு ராக்கப்பனைப் பார்த்து, இதன் கூடப்பிறந்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

வயிற்றில் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள் என்று மகள் சொன்னது அப்படியே ராக்கப்பன் காதில் கேட்டது. டாக்டருக்குப் பதில் சொல்லாமல் படியிறங்கினார். பானுப்பிரியாவுக்குப் போன் போட்டார், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மாரீஸ்வரனுக்குப் போட்டார், அதுவும் அப்படியே. மலையடிவாரத்தில் சிக்னல் கிடைத்தால் கிடைத்தது, இல்லாவிட்டால் இல்லை. ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினார். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. பஸ் நிற்கிற ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கண்டக்டரை முறைத்தார். தீபாவளி, சாவிக்கொத்து, வெடிக்கே அசையல முதலாளி என்று தான் பீற்றிக்கொண்டது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவரை அறைந்தன. அடப்பாவி, அடப்பாவி என்று தன்னைத்தானே வைதுகொண்டார். பக்கத்தில் நின்றவர் யாரையோ வைகிறார் என்று தள்ளி நின்றார்.

ஆட்டோவைத் தோப்புக் கேட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். காய் பறிக்கிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், மாரீஸ்வரன் தோப்பின் மறுகோடியில் இருந்தான். ஒரு இலை அசையவில்லை, காக்கைகூடக் கத்தவில்லை. தூரத்தில் தொட்டியடியில் பானுப்பிரியா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மோட்டார் ரூம் பக்கத்து மாமரத்து நிழலில் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் விலாவில் தலையை வைத்து, அம்மாவின் பழஞ்சேலையைப் போர்த்திக்கொண்டு தன்ஷிகாவும் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே சீராக மூச்சு விட்டன.

அந்த இடத்தில் நின்று செத்த நேரம் யோசித்திருந்தால் போதும். மெல்ல நடந்து போய் மகளிடம் சொல்லியிருந்தாலும் போதும். பயந்தவனுக்கு யோசனை எங்கே வரும், அது மனுசனானாலும் நாயானாலும் ஒன்றுதான். நாய் முன்னால் வாயே திறக்காத ராக்கப்பன் அடித்தொண்டையில் கத்தினார்.

"ஏ பிள்ள, எந்திரி! எந்திரிச்சு ஓடியா!"

சீனிக்குக் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கேட்டது. தூக்கம் கலைந்தும் கலையாமலும் திடுக்கிட்டு எழுந்தாள், சேலை காலில் சுற்றியது, அப்படியே முழு உடம்போடு நாயின் முகத்தின் மேல் விழுந்தாள். முழங்கை அதன் கண்ணில் இடித்தது. நாய் விழித்தது. ஒரே ஒரு கடி, கன்னத்தில். கவ்வின வேகத்திலேயே விட்டுவிட்டது.

பிள்ளை அலறுவதற்குள் பானுப்பிரியா ஓடிவந்து வாரிக்கொண்டாள். ரத்தம் அவள் ரவிக்கையை நனைத்தது. சீனி சங்கிலியின் நுனிக்குப் போய், வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. அதன் கண் பிள்ளையின் மேலேயே இருந்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல். ராக்கப்பன் மோட்டார் ரூம் வாசலில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்தார். பின்பக்கமாக வந்தார். சருகு நொறுங்க வந்தார், மூச்சு இரைக்க வந்தார். அது திரும்பவே இல்லை. காது கேட்காது என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஓங்கினார்.

பெரியாஸ்பத்திரியில் பிள்ளையின் கன்னத்தைக் கழுவிக் கழுவி, காயத்தைச் சுற்றி ஊசி போட்டார்கள். கடித்த நாயைக் கட்டிவைத்துக் கொஞ்ச நாள் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றதும் இன்னும் ஊசிகள் இருக்கின்றன என்றார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் அந்தப் பிஞ்சு உடம்பு வில்லாக வளைந்தது. ராக்கப்பன் வெளியே நின்று சுவரில் தலையை முட்டிக்கொண்டார்.

ஞானதுரை காரில் வந்து இறங்கினார். செலவெல்லாம் என்னுடையது என்றார். கெண்டைக்கால் கடிபட்டவன் வேறு இருக்கிறான், இதுவும் நம் நாய் என்று வெளியே தெரிந்தால் வழக்கு கிழக்கு என்று இழுப்பார்கள், உனக்கும் பேர் கெடும் ராக்கப்பா, தெருநாய் கடித்தது என்று சொல்லிவிடு என்றார். நாயைத் தோப்பிலேயே புதைத்தாயிற்று. செத்த நாய் சாட்சி சொல்ல வரப்போவதில்லை. ராக்கப்பன் தலையை ஆட்டினார். பானுப்பிரியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஊரில் பேச்சு பற்றிக்கொண்டது. நாலு வயசுப் பிள்ளையின் முகத்தைத் தெருநாய் பிய்த்துவிட்டது என்று கைபேசிக்குக் கைபேசி போயிற்று. மறுநாள் ஞானதுரையே ஆள் வைத்து, தோப்பு ரோட்டில் திரிந்த நாய்களையெல்லாம் சுருக்குப் போட்டுப் பிடித்துச் சாக்கில் கட்டி ஒரு வண்டியில் ஏற்றினார். டீக்கடையில் பன்னுக்கு நிற்கிற கிழட்டு நாய், சாவடிப் பக்கம் குட்டி போட்டிருந்த தாய் நாய், எல்லாவற்றையும். பழகின ஆட்கள் என்று அவை வாலை ஆட்டிக்கொண்டே சுருக்குக்குள் தலையைக் கொடுத்தன. ஊரார் நின்று பார்த்து நல்ல காரியம் என்றார்கள். தாயைக் கொண்டுபோனபிறகு அந்தக் குட்டிகள் கத்தின கத்தலை ராக்கப்பன் ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியில் கேட்டார். நிற்காமல் வந்துவிட்டார்.

சாயங்காலம் டாக்டர் காளீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வார்டுக்கே வந்துவிட்டார். முகம் கோபத்தில் சிவந்திருந்தது. அந்த ரோட்டு நாய்கள் அத்தனையும் அவர் கையால் ஊசி போட்டவை, காதில் வெட்டு உள்ளவை. எந்த நாய் கடித்தது, யார் பார்த்தது என்று கேட்டார். ராக்கப்பன் கட்டிலோரத்தில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தெருநாய்தான் டாக்டரம்மா. கடிச்சிட்டு மலைப்பக்கமா ஓடிருச்சி."

பானுப்பிரியா தரையைப் பார்த்தாள். பாதி முகம் கட்டுக்குள் இருந்த தன்ஷிகா, இன்னொரு பாதி வாயால் மெதுவாகப் பேசினாள்.

"தெருநாய் இல்ல, சீனி. பாவம், அது தூங்குச்சி. தாத்தா கத்துனாவ, நான் பயந்து அது மேல விழுந்துட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை தாத்தாவின் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"சீனிக்குக் காது கேக்காதுல்லா தாத்தா. ஒங்களுக்குத் தெரியாதா? நான் மொதல்ல தரையத் தட்டுவேன். அது கண்ணத் தொறந்து என்னயப் பாக்கும். பொறவுதான் தொடுவேன். அது என்னைய ஒண்ணுமே செய்யாது."

மாசக்கணக்கில் கொட்டகையில் வைத்திருந்தும் ராக்கப்பன் கண்டுபிடிக்காததை அவள் தோப்பில் ஒரு மாங்காய்க் காலம் முடிவதற்குள் கண்டுபிடித்திருந்தாள். அம்மாவிடம் சொல்லியிருப்பாள், பிள்ளை ஏதோ உளறுகிறது என்று விட்டிருப்பார்கள்.

"சீனி எங்க தாத்தா? அதுக்குச் சோறு வச்சிங்களா?"

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளும் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. ஓடிப்போய்விட்டது என்று சொன்னால் பிள்ளை நம்புவாள். அப்படியே சொல்லிவிட்டால் வண்டியில் போன நாய்கள் போனவைதான், ஊர் இன்னும் நாலு தெருவுக்குச் சுருக்கோடு கிளம்பும், கொட்டகையும் அப்படியே இருக்கும். அவர் டாக்டரின் பக்கம் திரும்பினார்.

"அந்த ரோட்டு நாய்க எதுவும் கடிக்கல டாக்டரம்மா. வண்டிய எங்க கொண்டுபோனாவன்னு மொதலாளி ஆளுகளுக்குத் தெரியும், நானே வந்து கேட்டு வாங்கித் தாரேன். கடிச்சது நான் வளத்தது. அது மேலயும் தப்பில்ல. நான் அத அப்பிடி ஆக்கிட்டு, நானே பொறத்தாலப் போயி அடிச்சுக் கொன்னுட்டேன்."

சொல்லி முடித்தபிறகுதான் பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு உறைத்தது. தன்ஷிகா அழவில்லை. அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள், தோப்பில் சீனி விறைத்து நின்று பார்த்ததுபோல். பிறகு அவர் பிடித்திருந்த கையை மெல்ல உருவிக்கொண்டு அம்மாவின் மடிக்குள் நகர்ந்தாள்.

"அம்மா, தாத்தாவ என் பக்கத்துல வர வேண்டாம்னு சொல்லு. எனக்குப் பயமா இருக்கு."

பானுப்பிரியா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். ராக்கப்பன் கட்டிலை விட்டு எழுந்து, நாய் வண்டி போன இடத்தைக் கேட்க டாக்டருக்கு முன்னால் வெளியே நடந்தார்.